சம்பளம் வாங்காத பேராசிரியரும் குளத்துப் பாசியும்

இலைக்குள் இருக்கும் பச்சையவுருமணியைத் திருத்தியமைத்து அதனிடம் புதிய வேலைகளை எப்படி வாங்கலாம் என்று பேசுவதற்காக இன்று உலகின் பல நகரங்களில் விஞ்ஞான மாநாடுகள் கூடுகின்றன. கீரை இலைக்குள் இன்சுலினைத் தயாரிப்பது, தடுப்புமருந்தை வளர்ப்பது, குறைந்த தண்ணீரில் அதிகம் விளையும் நெல்லை உருவாக்குவது என்று அங்கே பேசப்படும் விடயங்கள் ஏராளம். நெல்லைப் பற்றிய பேச்சின் ஒரு வேர் நூறு ஆண்டுகளுக்கு முந்திய கல்கத்தாவில் இருக்கிறது. அங்கே ஒருவர் கண்ணாடிப் பாத்திரத்துக்குள் ஒரு நீர்ச்செடியைப் போட்டு, அது விடும் குமிழ்களை எண்ணிக்கொண்டிருந்தார். செடியின் பெயர் ஐதரில்லா. தமிழ்நாட்டில் வேலம்பாசி என்பார்கள். வன்னியின் குளங்களிலும் வாய்க்கால்களிலும் வெறும் பாசி என்று நாங்கள் காலால் ஒதுக்கிவிட்டுப் போகும் செடிகளில் அதுவும் ஒன்று. எண்ணியவர் ஜகதீஸ் சந்திர போஸ்.

போஸின் பெயரைக் கேள்விப்படாத தமிழ் மாணவர் குறைவு. ஆனால் எங்களில் பலருக்கு அவர் தாவரங்களுக்கும் உணர்ச்சி உண்டு என்று சொன்ன விஞ்ஞானி என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறார். அந்த வரிக்குப் பின்னால் உள்ள வாழ்க்கையில் தாய்மொழிப் பள்ளிக்கூடம், கடனில் விழுந்த குடும்பம், சமமற்ற சம்பளம், கதவை மூடிய சபைகள் எல்லாம் உண்டு. போரைக் கடந்து வந்த எங்களுக்கு இவை எவையும் அந்நியமானவை அல்ல. அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

தாய்மொழியில் தொடங்கிய பிள்ளை

போஸ் 1858 நவம்பர் 30 ஆம் திகதி, இன்று பங்களாதேஷில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். தகப்பன் பகவான் சந்திர போஸ் பிரித்தானிய நிர்வாகத்தில் உதவி நீதவானாக இருந்தவர். அந்தப் பதவியில் இருந்தவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதைப் பெருமையாக நினைத்த காலம் அது. பகவான் சந்திரர் மகனை வங்காள மொழிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். வகுப்பில் மகனுக்கு ஒரு பக்கத்தில் வீட்டு ஏவலாளரான முஸ்லிம் ஒருவரின் பிள்ளை, மறுபக்கத்தில் ஒரு மீனவரின் பிள்ளை. ஆறு, மீன், பறவை, செடி பற்றிய கதைகளை அந்தப் பிள்ளைகளிடம் கேட்டதுதான் இயற்கையின் மீது தனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் என்று போஸ் முதுமையிலும் நினைவுகூர்ந்தார்.

தகப்பனைப் பற்றிச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. பர்த்வான் பகுதியில் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவிப் பலர் இறந்தபோது, பெற்றோரை இழந்த சிறுவர்களுக்கு வேலை பழக்கவென்று அவர் தன் சொந்த வளவுக்குள்ளேயே தச்சு, உலோக வேலைப் பட்டறைகளை நடத்தினார். உள்ளூர்க் கைத்தொழில்களிலும் பணத்தைப் போட்டார். பல முயற்சிகள் தோற்று, குடும்பம் பெரும் கடனில் விழுந்தது. ஆனால் சின்ன வயதிலேயே பட்டறையையும் கைவேலையையும் பக்கத்தில் நின்று பார்த்த அனுபவம் மகனுக்கு மிஞ்சியது. பின்னாளில் அவர் செய்த கருவிகளுக்கெல்லாம் அடித்தளம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

1880 இல் போஸ் மருத்துவம் படிக்க லண்டன் போனார். அடிக்கடி வந்த காய்ச்சல் அந்தப் படிப்பைத் தொடர விடவில்லை. கேம்பிரிட்ஜுக்கு மாறி இயற்கை விஞ்ஞானம் படித்தார். பௌதிகவியலில் றேலி பிரபு, தாவரவியலில் சார்ல்ஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வின் போன்றவர்கள் அவருக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள். பௌதிகவியலாளர் ஒருவர் பிற்காலத்தில் செடிகளிடம் போனது எப்படி என்று பலர் வியப்பதுண்டு. இரண்டுக்குமான விதை கேம்பிரிட்ஜிலேயே விழுந்துவிட்டது.

மூன்று ஆண்டுகள்

1885 இல் கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியல் பேராசிரியராக அவரை நியமித்தார்கள். இந்தியர்கள் விஞ்ஞானம் படிப்பிக்கத் தகுதியற்றவர்கள் என்று நினைத்த அதிகாரிகள் அந்த நியமனத்தை விரும்பவில்லை. அந்தச் சேவையில் ஓர் ஐரோப்பியருக்குக் கிடைக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் நியமனம் தற்காலிகமானது என்று சொல்லி அதையும் பாதியாக வெட்டினார்கள். ஒரே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு.

போஸ் வேலையை விடவில்லை. வகுப்புகளைத் தொடர்ந்து நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். ஒரு மாதமோ இரண்டு மாதமோ அல்ல, மூன்று ஆண்டுகள். வீட்டில் தகப்பனின் கடன் தலைக்கு மேல் நின்றது. அந்த நாட்களிலேயே, 1887 இல், அபலா தாஸைத் திருமணம் செய்தார். அபலா சென்னையில் மருத்துவம் படித்தவர். வருமானம் இல்லாத வீட்டுக்கு வந்து, அந்த மறுப்பில் பங்கெடுத்தவர். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. போஸின் பதவியை நிரந்தரமாக்கி, முழுச் சம்பளத்தையும் தொடக்க நாளிலிருந்து கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பணம் தகப்பனின் கடனை அடைக்கப் போனது.

இந்தக் கதையை மனவுறுதிக்கான பாடமாக மட்டும் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மூன்று ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் நிற்க எல்லாராலும் முடியாது. போஸின் குடும்பம் கடன்பட்டிருந்தாலும் படித்த, செல்வாக்குள்ள குடும்பம். மாதச் சம்பளம் ஒரு கிழமை பிந்தினாலே கடைக்கொப்பியில் கணக்கு ஏறும் வீடுகள் வன்னியில் எத்தனை என்று எங்களுக்குத் தெரியும். போஸ் தன் வசதியை எதற்காகப் பயன்படுத்தினார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தனக்குப் பின்னால் வரும் இந்திய ஆசிரியர்களுக்கும் குறைந்த சம்பளம் பழக்கமாகிவிடக் கூடாது என்பதற்காக அவர் அதைச் செலவழித்தார்.

தகரவேலைக்காரர் செய்த கருவி

கல்லூரியில் அவருக்கு ஆய்வுகூடம் இருக்கவில்லை. ஒரு சின்ன அறையை ஒதுக்கி, சொந்தப் பணத்தைப் போட்டு, முறையான தொழிற்பயிற்சி இல்லாத ஓர் உள்ளூர்த் தகரவேலைக்காரரைப் பழக்கி, அவரைக் கொண்டு கருவிகளைச் செய்தார். கற்பித்தல் முடிந்த பிறகு மிஞ்சிய நேரமே ஆராய்ச்சி நேரம். அந்த அறையில்தான் ஐந்து மில்லிமீற்றர் அளவுக்குச் சிறிய மின்காந்த அலைகளை அவர் உண்டாக்கினார். 1895 இல் கல்கத்தாவில் மக்கள் முன்னிலையில் அந்த அலைகளைச் சுவர்களுக்கு ஊடாக அனுப்பி, அப்பால் இருந்த மணியை ஒலிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். கம்பியில்லாத் தொடர்பு பற்றி உலகம் பேசத் தொடங்கிய காலம் அது.

1901 இல் லண்டனில் இருந்தபோது, அவருடைய அலைவாங்கிக் கருவிக்குக் காப்புரிமை எடுத்து இலாபத்தில் பங்கு தருவதாகப் பணக்காரக் கம்பனிக்காரர் ஒருவர் வந்து கேட்டார். போஸ் மறுத்தார். பின்னர் நண்பர்கள் வற்புறுத்தியதால் அமெரிக்காவில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், அது 1904 இல் கிடைத்தது. அதை வைத்துப் பணம் சம்பாதிக்க அவர் முயலவில்லை.

மூடிய கதவுகள்

1900 ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த சர்வதேச பௌதிகவியல் மாநாட்டில், உலோகமும் உயிருள்ள தசையும் தூண்டலுக்குக் காட்டும் பதில்கள் ஒத்திருக்கின்றன என்று போஸ் வரைபுகளோடு விளக்கினார். பௌதிகவியலாளர்கள் ஆர்வத்தோடு கேட்டார்கள். அடுத்த ஆண்டு லண்டன் றோயல் சொசைட்டியில் செடிகளின் மின்தூண்டல் பதில்களைக் காட்டியபோது நிலைமை வேறாக இருந்தது. அந்தத் துறையின் பெரியவரான பேர்டன் சாண்டர்சன் எழுந்து, பௌதிகவியலாளர் தன் துறைக்குள் நிற்பது நல்லது என்ற விதத்தில் எதிர்த்தார். கட்டுரையின் தலைப்பை மாற்றும்படியும் கேட்டார். போஸ் மாற்ற மறுத்தார். கட்டுரை அச்சேறாமல் ஆவணக் கிடங்குக்குள் போனது.

ஊருக்குத் திரும்பாமல் அவர் லண்டனிலேயே தங்கி மேலும் வேலை செய்தார். 1902 இல் லினியன் சொசைட்டி அவருக்கு மேடை கொடுத்தது. தன் முடிவுகளை அதே ஆண்டில் புத்தகமாகவும் வெளியிட்டார். அவரை வெளியே நிறுத்திய றோயல் சொசைட்டி 1920 இல் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. இடையில் 19 ஆண்டுகள்.

போஸ் சொன்னதெல்லாம் சரி என்று இதற்குப் பொருள் இல்லை. மரத்தின் உயரத்துக்கு நீர் ஏறுவதற்கு உயிருள்ள கலங்களின் துடிப்பே காரணம் என்று அவர் சொன்னதைப் பிற்கால விஞ்ஞானம் ஏற்கவில்லை. செடியின் பதிலை விலங்கின் நரம்போடு ஒப்பிட்டதிலும் சில இடங்களில் சான்றுக்கு அப்பால் போனார். அவமதிக்கப்பட்டவர் என்பதற்காக ஒருவர் சொன்ன எல்லாவற்றையும் சரியாக்க வேண்டியதில்லை. அவருடைய அளவைகள் நின்றுபிடித்தனவா என்பதே கேள்வி. ஐதரில்லா விடயத்தில் அவை நின்றுபிடித்தன.

குமிழியும் மணியும்

1915 இல் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்று, 1917 நவம்பர் 30 இல், தன் பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். இங்கே கண்டுபிடிக்கப்படும் எதற்கும் காப்புரிமை எடுப்பதில்லை, எல்லாம் பொதுச் சொத்து என்று அன்றே அறிவித்தார். அங்கேதான் ஒளித்தொகுப்பை அளக்கும் வேலை நடந்தது.

ஒளித்தொகுப்பின்போது செடி காபனீரொட்சைட்டை எடுத்து ஒட்சிசனை விடுகிறது என்பது அன்றே தெரிந்த விடயம். நீர்ச்செடியில் அந்த ஒட்சிசன் குமிழ்களாக வெளிவரும். அவற்றைக் கண்ணால் எண்ணினால் களைப்பு வரும், பிழை வரும். போஸ் அந்த எண்ணும் வேலையைக் குமிழியிடமே கொடுத்தார். ஒவ்வொரு குமிழியும் வெளியேறும் கணத்தில் ஒரு மின்சுற்று மூடி மணி ஒலிக்கும், சுழலும் உருளையில் ஒரு புள்ளி விழும். ஒளி கூடினால் மணி அடிக்கடி கேட்கும், ஒளி குறைந்தால் மந்தமாகும்.

இந்தப் பரிசோதனையின் எளிய வடிவம் எங்கள் விஞ்ஞானப் பாடத்தில் உண்டு. ஐதரில்லாவின் மேல் புனலைக் கவிழ்த்து, அதன் மேல் நீர் நிரப்பிய சோதனைக்குழாயை வைக்கும் படம் பலருக்கு நினைவிருக்கும். நான் அதைப் படித்த பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் இருக்கவில்லை. ஆசிரியர் கரும்பலகையில் படத்தை வரைந்தார், நாங்கள் கொப்பியில் வரைந்து பெயர் குறித்தோம், சோதனையில் புள்ளி கிடைத்தது. அந்தச் செடி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த குளத்தில் கிடக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் வயதுக்காரர் பலர் இடப்பெயர்வுக்கு நடுவே விஞ்ஞானம் படித்தது இப்படித்தான்.

போஸ் ஒரு வித்தியாசத்தைக் கண்டார். வெயில் காலத்தில் எடுத்த ஐதரில்லாவும் குளிர்காலத்தில் எடுத்த ஐதரில்லாவும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. வெயில்காலச் செடியில் மலிக் அமிலம் சேர்ந்திருந்தது. காபனீரொட்சைட்டு குறைந்த நீரிலும் அது ஒளித்தொகுப்பைத் தொடர்ந்தது. செடி அந்த அமிலத்தைக் கையிருப்பாகப் பயன்படுத்துகிறது என்று அவர் விளங்கிக்கொண்டார். 1924 இல், தன் 65 ஆவது வயதில், ஒளித்தொகுப்பின் உடற்றொழிலியல் பற்றி எழுதிய நூலில் இதைப் பதிவுசெய்தார். அதை அன்று பெரிதாக எடுத்துப் பேசியவர்கள் குறைவு.

1960களில் அவுஸ்திரேலியாவில் ஹட்ச், ஸ்லக் என்ற இருவர் கரும்பை ஆராய்ந்து, சில தாவரங்கள் காபனீரொட்சைட்டை முதலில் நான்கு காபன் கொண்ட அமிலமாக மாற்றுகின்றன என்று நிறுவினார்கள். சீ-4 தாவரங்கள் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. மலிக் அமிலம் அந்த நான்கு காபன் அமிலங்களில் ஒன்று. 1980களில் புளோரிடாவில் ஜோர்ஜ் பவ்ஸின் குழு, வெப்பமும் காபனீரொட்சைட்டுப் பற்றாக்குறையும் வரும்போது ஐதரில்லா அதே வழிக்கு மாறுகிறது என்று காட்டியது. போஸின் பழைய அளவைகளை எடுத்துப் பார்த்த ராகவேந்திரா, கோவிந்த்ஜி என்ற இரு இந்திய வம்சாவளி விஞ்ஞானிகள், சீ-4 வழியை ஒத்த ஒன்றை அவர் முன்கூட்டியே கண்டிருக்கிறார் என்று 2011 இல் எழுதினார்கள்.

நெல் ஏன் தடுமாறுகிறது

இதற்கும் வன்னி வயலுக்கும் என்ன தொடர்பு? நெல்லின் பச்சையவுருமணிக்குள் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் நொதியத்தின் பெயர் ரூபிஸ்கோ. அதற்கு ஒரு குறை உண்டு. சில வேளைகளில் காபனீரொட்சைட்டுக்குப் பதிலாக ஒட்சிசனைப் பிடித்துவிடும். வெப்பம் கூடக் கூட அந்தத் தவறும் கூடும், செடி பிடித்த சக்தி வீணாகும். சோளமும் கரும்பும் குரக்கனும் சீ-4 தாவரங்கள். ரூபிஸ்கோவைச் சுற்றிக் காபனீரொட்சைட்டைக் குவித்து வைத்து அந்தத் தவறைக் குறைத்துக்கொள்கின்றன. சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் போதாது என்று விதைப்பைக் குறைக்கும் ஆண்டுகளில், மேட்டுக்காணியில் குரக்கன் தாக்குப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெல்லையும் சீ-4 ஆக மாற்ற முடியுமா என்ற முயற்சி, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து 2008 முதல் பல நாடுகளில் நடக்கிறது. விளைச்சலை 50 வீதம் வரை கூட்டுவது இலக்கு. விவசாயியின் கைக்கு வர இன்னும் காலம் இருக்கிறது. சோளத்தில் இந்த வேலை இரண்டு வகைக் கலங்களுக்குள் பிரிந்து நடப்பதால் நெல் இலையின் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். ஐதரில்லாவோ அதை ஒரே கலத்துக்குள், தன் பச்சையவுருமணிக்குள் காபனீரொட்சைட்டைக் குவித்துச் செய்து முடிக்கிறது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்களில் சிலர் இந்தக் குளத்துப் பாசியைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இலைக்குள் இன்சுலின்

பச்சையவுருமணிக்கு அதற்கென்று சொந்த மரபணுக்கள் உண்டு. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் தனியாக வாழ்ந்த ஒருவகைப் பற்றீரியா இன்னொரு கலத்துக்குள் குடியேறி அப்படியே தங்கிவிட்டதன் மிச்சம் அது. போஸின் காலத்தில் இது நிறுவப்பட்டிருக்கவில்லை. 1988 இல் ஒருகல அல்கா ஒன்றிலும், 1990 இல் புகையிலையிலும், பச்சையவுருமணிக்குள் புதிய மரபணுவை நிலையாகப் புகுத்திக் காட்டினார்கள். மரபணுவைப் பூசிய நுண்ணிய உலோகத் துகள்களை இலைக்குள் வேகமாகச் செலுத்துவது அதற்கான வழி. ஒரு இலைக் கலத்தில் அந்த மரபணுவின் ஆயிரக்கணக்கான பிரதிகள் இருக்க முடியும் என்பதால் புரதம் மிகுதியாகக் கிடைக்கும். பெரும்பாலான பயிர்களில் பச்சையவுருமணி மகரந்தத்தோடு போவதில்லை என்பதால் பக்கத்து வயலுக்குப் பரவும் ஆபத்தும் குறைவு.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று அமெரிக்காவில் பணியாற்றும் ஹென்றி டேனியல் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். புகையிலை, லெட்டூஸ் கீரை ஆகியவற்றின் பச்சையவுருமணிக்குள் இன்சுலினின் முன்வடிவத்தைத் தயாரித்ததை அவருடைய குழு 2007 இல் வெளியிட்டது. பின்னர் எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து அதன் பயனைச் சோதித்தார்கள். காயவைத்துத் தூளாக்கிய கீரையை குளிர்சாதனப்பெட்டி இல்லாமல் வைத்திருக்கலாம் என்பதே இதன் பெரிய நன்மை. தேசிய மின்கட்டமைப்பு எட்டாமல் இருந்த போர்க்கால வன்னியில், நீரிழிவு நோயாளர் உள்ள வீடுகள் இன்சுலின் குப்பியை ஈரமணலுக்குள்ளும் மண்பானைக்குள்ளும் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர்களுக்கு இந்த ஆராய்ச்சியின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

இங்கேதான் போஸின் 1917 ஆம் ஆண்டு அறிவிப்பு திரும்ப வருகிறது. பச்சையவுருமணித் தொழில்நுட்பத்தில் இன்று பல காப்புரிமைகள் இருக்கின்றன. காப்புரிமை இல்லாவிட்டால் கோடிக்கணக்கில் செலவாகும் மருத்துவச் சோதனைக்கு எந்தக் கம்பனி பணம் போடும் என்று ஒரு தரப்பு கேட்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அறுவடையில் ஒரு பங்கை அடுத்த போகத்துக்கு விதைநெல்லாக ஒதுக்கி வைக்கும் விவசாயிக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. திருத்திய நெல் வந்தால் அந்த விதை எனக்குச் சொந்தமா? மாநாட்டு மேடையில் இந்தக் கேள்வியைக் கேட்க அவர் இருக்க மாட்டார். அவர் சார்பில் கேட்கக்கூடியவர்கள் அந்த விஞ்ஞானத்தைப் படித்தவர்களாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது, வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனித்து இயங்குகிறது. கேள்வி கேட்கும் இடங்கள் தூரத்தில் இல்லை.

போஸ் 1937 நவம்பர் 23 இல் கிரிடி என்ற ஊரில் இறந்தார். அபலா அதன் பிறகும் 13 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1919 இல் அவர் தொடங்கிய பெண்கள் கல்விச் சங்கம் கிராமங்களில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களை நடத்தியது, கணவனை இழந்த பெண்களுக்குத் தங்குமிடம் கொடுத்து அவர்களை ஆசிரியைகளாகப் பயிற்றியது. கணவனின் ஆய்வு நிறுவனம் அளவுக்கு அது பேசப்படுவதில்லை. குடும்பத்தைத் தனித்துச் சுமக்கும் பெண்கள் இவ்வளவு பேர் இருக்கும் எங்கள் மாவட்டங்களில் அதையும் அந்த வாழ்க்கையின் பாதியாகச் சொல்ல வேண்டும்.

விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐதரில்லாவைக் கரும்பலகையில் வரைவதோடு விடாதீர்கள். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரோடு குளக்கரைக்குப் போய் ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணாடிப் போத்தலுக்குள் குளத்து நீரோடு போட்டு வெயிலில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை குமிழ் என்று பிள்ளைகள் எண்ணட்டும். கையால் நிழல் விழுத்தி மீண்டும் எண்ணட்டும். மாரியில் ஒரு தடவையும், குளம் வற்றும் ஆவணியில் ஒரு தடவையும் எண்ணி, இரண்டையும் ஒரே கொப்பியில் திகதியோடு எழுதி வைக்கட்டும். போஸின் வேலையும் அப்படி எண்ணி எழுதி வைத்ததில்தான் தொடங்கியது.